பத்து மாதமாகியும் தவழவில்லை: எந்த வயதில் என்ன வர வேண்டும்?

ஜூன் 2, இரவு 11.20 (கொளத்தூர் தங்கச்சியின் கேள்வி)

என் பையனுக்கு நேற்றோடு 10 மாதம் முடிந்தது. இன்னும் தவழவில்லை. உட்கார்ந்தபடியே தேய்த்துத் தேய்த்து நகர்கிறான். எதிர் பிளாட் குழந்தைக்கு 9 மாதம்தான், சோபாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மாமியார் தினமும் அதையே சொல்லிக் காட்டுகிறார். வீட்டுக்காரர் வாக்கர் வாங்கலாம் என்கிறார். கரு உண்டானதிலிருந்து பிள்ளை பெரியவனாகும் வரை எந்த மாதத்தில், எந்த வயதில் என்ன வர வேண்டும் என்று யாராவது ஒழுங்காக எழுதுங்களேன். தூக்கமே வரவில்லை.

ஜூன் 3, காலை 6.10

வாக்கர் வேண்டாம். நான் எழுதுவதில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதை மட்டும் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். வாக்கரில் உட்கார்ந்த குழந்தை நுனிக்காலால் தரையை உந்தப் பழகுமே தவிர, தன் உடம்பைத் தானே தாங்கப் பழகாது. நடை சீக்கிரம் வராது, தள்ளித்தான் போகும். வாக்கரோடு படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபட்ட குழந்தைகள் ஏராளம். கனடாவில் 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள்.

அப்புறம் தவழ்வது. உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, வளர வளரப் பார்த்துக் கணக்கெடுத்து 2006-ல் வெளியிட்டது. நம் நாட்டிலிருந்து தெற்கு டெல்லிக் குழந்தைகள். பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள். கையும் முட்டியும் ஊன்றித் தவழ்வது 5.2-லிருந்து 13.5-க்குள். தனியாக நடப்பது 8.2-லிருந்து 17.6-க்குள். எவ்வளவு இடைவெளி பாருங்கள்! ஒன்று எட்டு மாதத்தில் நடக்கிறது, இன்னொன்று பதினேழில் நடக்கிறது, இரண்டும் நல்ல பிள்ளைகள்தான். அந்தக் கணக்கிலேயே நூற்றுக்கு நான்கு குழந்தைகள் தவழவே இல்லை. நேராக எழுந்து நடந்துவிட்டன.

என் மகளும் தவழவில்லை. அப்போது சைதாப்பேட்டையில் குடியிருந்தோம், சிவப்புச் சிமென்ட் தரை. இரண்டு குதிகாலையும் ஊன்றி இழுத்து இழுத்து உட்கார்ந்த வாக்கிலேயே சமையலறை வரைக்கும் வந்துவிடுவாள். ஜட்டியெல்லாம் பின்பக்கம் சிவந்து, எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது. கீழ் வீட்டு ஆயாதான், "இது தவழாதும்மா, ஒரேடியா நடக்கும்" என்றார். ஒரு வயது தாண்டிக் கொஞ்ச நாளில் நடந்தாள். இப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. பிடிக்காமல் உட்காருகிறானா? இரண்டு கையையும் ஒன்றுபோல நீட்டிப் பொருளை வாங்குகிறானா? இரண்டு காலும் ஒரே மாதிரி உதைக்கிறதா? ஒரு கையையே எப்போதும் பயன்படுத்தினாலோ, ஒரு பக்கத்தை இழுத்துக்கொண்டு நகர்ந்தாலோ தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். வலது கைப் பழக்கமா இடது கைப் பழக்கமா என்பதெல்லாம் ஒரு வயதுக்கு முன்னால் தெரியக் கூடாது.

ஜூன் 3, மதியம் 1.30

இரண்டு திருத்தம். ஆறு நாடு என்று எழுதினேன். உயரம், எடைக் கணக்குக்குத்தான் ஆறு நாடு. உட்காருவது, தவழ்வது, நடப்பது பற்றிய கணக்குக்கு ஐந்துதான்: கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா. பிரேசில் இதில் சேரவில்லை.

இரண்டாவதுதான் முக்கியம். 17.6 மாதம் என்று பார்த்துவிட்டு, அதுவரை கவலையில்லை என்று யாரும் உட்கார்ந்துவிடாதீர்கள். நூறு குழந்தைகளில் 99 அதற்குள் நடந்துவிட்டன என்பதுதான் அதற்கு அர்த்தம். அதாவது அது கெடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடக்கம் உண்டு, ஒரு கெடு உண்டு. தொடக்கத்தில் வரவில்லையே என்று அழ வேண்டாம். கெடு தாண்டினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். ஒன்றரை வயதில் நடக்கவில்லை என்றால் கட்டாயம் காட்ட வேண்டும்.

ஜூன் 4, காலை 5.45

கருவிலிருந்து கேட்டீர்கள், அங்கிருந்தே வருகிறேன்.

ஆஸ்பத்திரியில் ஒன்பது மாதம் என்கிறார்கள், பாட்டிமார் பத்து மாதம் சுமந்தேன் என்கிறார்கள். இரண்டும் சரி. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம். 28 நாளை ஒரு மாதமாக வைத்தால் சரியாகப் பத்து மாதம். ஆனால் கரு உண்டாவது அந்த முதல் நாளிலிருந்து ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து. ஆகையால் ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஆறு வாரம் என்று போட்டிருந்தால் உள்ளே இருக்கும் உயிருக்கு வயது நான்கு வாரம்தான். இந்தக் கணக்கு புரியாமல் எங்கள் அம்மா என் கல்யாணத் தேதியை விரல் விட்டு எண்ணியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கரு உண்டான 22-ஆம் நாள் வாக்கில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. 28 நாளுக்குள் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழல் மூடிவிட வேண்டும். அந்தச் சமயத்தில் அம்மாவுக்கு நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும், பாதிப் பேருக்குச் சந்தேகமே அப்போதுதான் வரும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை உண்டான பிறகு தொடங்கினால் தாமதம் என்று சொல்வது இதனால்தான். குழந்தைக்குத் திட்டமிடும்போதே, குறைந்தது ஒரு மாதம் முன்னாலேயே, தினம் 400 மைக்ரோகிராம். கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்கு நகைக்கடை, பட்டுப்புடவை என்று ஊரெல்லாம் அலைகிறோம். இந்த மாத்திரையைப் பற்றி யாராவது சொல்கிறோமா? எனக்கு யாரும் சொல்லவில்லை. என் மகளுக்கு நான் சொல்வேன்.

எட்டு வாரத்துக்குள் எல்லா உறுப்புக்கும் அடித்தளம் விழுந்துவிடும், நீளம் 3 செ.மீ. அளவுதான். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் வளர்வதும் முதிர்வதும்.

அசைவு. முதல் பிள்ளைக்கு 18லிருந்து 20 வாரத்தில் தெரியும். நான் சைதாப்பேட்டையிலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு மின்சார ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மாம்பலத்தில் கூட்டம் ஏறியது, வயிற்றில் யார் இடித்துவிடுவார்களோ என்று பையை முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். கோடம்பாக்கம் தாண்டும்போது அடிவயிற்றில், கொதிக்கிற கஞ்சியில் ஒரு குமிழி உடைவது போல. வாயு என்று நினைத்தேன். நுங்கம்பாக்கத்தில் இறங்கிப் படி ஏறும்போது மறுபடியும். அந்தப் படியிலேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனார்கள்.

ஏழாம் மாதத்தில் வளைகாப்பு. அந்த மாதத்தில் குழந்தைக்கு வெளிச்சத்தம் கேட்கும், கேட்டால் அசையும். கண்ணாடி வளையல் சத்தம் கேட்கட்டும் என்று செய்தவர்கள் மாதத்தைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் தப்பு. ஏழாம் மாதப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அப்படி இல்லவே இல்லை. நுரையீரல் முதிர முதிர ஒவ்வொரு வாரமும் லாபம்தான்.

இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது. தங்கச்சி, உங்கள் பையன் எத்தனையாவது வாரத்தில் பிறந்தான்?

ஜூன் 4, இரவு 9.50

34 வாரமாம்! இதை நான் முதல் பதிவிலேயே கேட்டிருக்க வேண்டும்.

40-ல் 34 போனால் ஆறு வாரம். 10 மாதத்திலிருந்து அந்த ஒன்றரை மாதத்தைக் கழியுங்கள். உங்கள் பையனுக்கு வளர்ச்சிக் கணக்கில் எட்டரை மாதம். எதிர் பிளாட் குழந்தையை விட அவன் சின்னவன். இரண்டு வயது வரை எதைப் பார்த்தாலும் இந்தக் கழித்த வயதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது, அது பிறந்த தேதிப்படியே போடணும். இதை மாமியாரிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்.

ஜூன் 6, மதியம் 3.15

நம்மவர்கள் இப்படியெல்லாம் பிரித்து வைக்கவில்லையா என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வைத்திருக்கிறார்கள் தம்பி, அழகாக.

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி. அதற்கு மேல் ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல். 3-ஆம் மாதத்தில் தொடங்கி 21 வரை ஒற்றைப்படை மாதங்களாக எண்ணிக்கொண்டு போவது வழக்கம். பள்ளியில் இதை மனப்பாடம் செய்து ஒப்பித்தபோது ஒன்றும் புரியவில்லை. பெற்று வளர்க்கும்போதுதான் புரிந்தது.

செங்கீரை 5-ஆம் மாதம். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி முகம் அசைய ஆடுவது. குழந்தை மருத்துவர் தொட்டுப் பார்க்கிற கழுத்து பலமும் தோள் பலமும் இதில் இருக்கிறது. தால் 7-ஆம் மாதம். தால் என்றால் நாக்கு. ப்பா ப்பா, த்த த்த என்று நாக்கைப் புரட்டிச் சத்தம் போடுவது அந்த வாக்கில்தான். சப்பாணி 9-ல், கை தட்டுவது. உங்கள் எட்டரை மாதக்காரன் இன்னும் இரண்டு வாரத்தில் தட்டுகிறானா பாருங்கள். வருகை 13-ல், தளிர்நடை போட்டு வருவது.

எனக்கு மிகவும் பிடித்தது அம்புலி, 15-ஆம் மாதம். நிலாவை விளையாட வா என்று கூப்பிடுவது. மொட்டை மாடியில் சோறு ஊட்டும்போது "அதோ நிலா" என்று விரல் நீட்டுகிறோம். சின்னக் குழந்தை நம் விரலைத்தான் பார்க்கும். ஒரு நாள் விரல் காட்டுகிற திசையில் நிலாவைப் பார்க்கும். அப்புறம் தானே விரல் நீட்டி நிலாவைக் காட்டி, நாமும் பார்க்கிறோமா என்று நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். ஒன்றரை வயதில் வளர்ச்சி மருத்துவர் முதலில் கேட்கிற கேள்வியே இதுதான்: "எதையாவது விரல் நீட்டிக் காட்டுகிறதா?" காட்டாத குழந்தையை ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சோறு ஊட்டுகிற சாக்கில் நம் பாட்டிகள் தினமும் அந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டிருந்தார்கள் என்று நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது. இப்போது கையில் போனைக் கொடுத்து ஊட்டுகிறோம். தயவுசெய்து சாப்பாட்டு நேரத்தில் மட்டுமாவது போனை உள்ளே வையுங்கள்.

பெண்ணுக்கு அதற்கு மேலும் உண்டு. பேதை 5 முதல் 7 வயது, பெதும்பை 8 முதல் 11, மங்கை 12, 13, மடந்தை 14 முதல் 19, அரிவை 20 முதல் 25. இதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன், ஒரு சுவாரசியம் இருக்கிறது.

ஜூன் 6, இரவு 8.00

தமிழாசிரியர் ஒருவர் திருத்தியிருக்கிறார். பிள்ளைத்தமிழுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்களில் நூலுக்கு நூல் மாதக் கணக்கு மாறும், ஒற்றைப்படைதான் என்று அடித்துச் சொல்லக் கூடாது என்கிறார். சரிதான், ஐயா. அந்தக் காலத்திலேயே கணக்கு ஆளுக்கு ஆள் மாறியிருக்கிறது என்பதே எதிர் பிளாட்டைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு ஆறுதல்.

ஜூன் 7, இரவு 11.40

இரண்டு நாளாக மனசு உறுத்துகிறது. ஒப்பிடாதீர்கள், ஒப்பிடாதீர்கள் என்று எழுதிக்கொண்டே போகிறேன். "ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு மாதிரி" என்ற வார்த்தையால் எங்கள் வீட்டில் ஒரு குழந்தைக்கு இரண்டு வருஷம் போனது. அதையும் எழுதியாக வேண்டும்.

என் அக்கா மகன். எல்லாம் சரியாக இருந்தான், ஐந்தாம் மாதத்தில் "ஆ", "ஊ" என்று சத்தமும் போட்டான். அதனால் காதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வரவில்லை. காது கேட்காத குழந்தையும் முதலில் அப்படிச் சத்தம் போடும், பிறகு குறைந்துகொண்டே போய் நின்றுவிடும் என்பது எங்களுக்குத் தெரியாது. ஒரு வயதில் பேச்சில்லை. "அவங்கப்பாவே மூணு வயசுலதான் பேசினார்." ஒன்றரை வயதில் பேச்சில்லை. "ஆம்பளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்." அக்கா ஒரு டாக்டரிடம் கேட்டாள், இரண்டு வயது வரை பொறுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அக்கா சோதித்துப் பார்க்காமல் இல்லை. பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கீழே போடுவாள், அவன் திரும்புவான். "பார், கேக்குது" என்று எல்லோரும் சொல்வோம். அவன் திரும்பியது சத்தத்துக்கு இல்லை. தரையில் உட்கார்ந்திருந்தான், தட்டு விழுந்த அதிர்வு அவன் தொடையில் தெரிந்தது. கட்டிலில் உட்கார வைத்துப் போட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். குக்கர் விசில் அடிக்கும்போது அவன் திரும்பாததை நாங்கள் யாரும் கவனிக்கவே இல்லை.

இரண்டரை வயதில் பரிசோதனை, இரண்டு காதிலும் கேட்கவில்லை. மூன்றரை வயதில் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது ஆபரேஷன் செய்து காதுக்குள் பொருத்துகிற கேட்புக் கருவி. அக்கா தாலிக்கொடி தவிர எல்லாவற்றையும் அடகு வைத்தாள். அதற்கப்புறம் வருஷக்கணக்கில் பேச்சுப் பயிற்சி, ஒரே வார்த்தையை நூறு தடவை. பேசுகிறான், படிக்கிறான், வேலைக்கும் போய்விட்டான். ஆனால் மொழி நுழைகிற முதல் இரண்டு வருஷத்தை அவனுக்கு யாரும் திருப்பித் தர முடியாது.

பிறந்த ஒரு மாதத்துக்குள் காது பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடக்கம். இதுதான் கணக்கு. பரிசோதனை வலியில்லாதது, தூங்குகிற குழந்தையின் காதில் ஒரு சின்னக் குழாயை வைத்துச் சில நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள். இப்போது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் செய்கிறார்கள்.

34 வாரத்தில் பிறந்தவன், தங்கச்சி. காது பார்த்தார்களா என்று டிஸ்சார்ஜ் தாளில் இப்போதே பாருங்கள்.

ஜூன் 8, காலை 7.00

பேச்சுக்குக் கெடு கேட்டவர்களுக்கு. ஒரு வயதில் ப்பா, ம்மா மாதிரி சத்தமோ, கை காட்டுவது, டாட்டா சொல்வதோ எதுவுமே இல்லை; பதினாறு மாதத்தில் ஒரு வார்த்தை இல்லை; இரண்டு வயதில் "பால் தா", "அப்பா வா" மாதிரி இரண்டு வார்த்தை சேர்க்கவில்லை. இதில் எதுவாக இருந்தாலும் காட்டுங்கள். வந்த பேச்சோ பழக்கமோ நின்றுபோனால் எந்த வயதானாலும் உடனே. "பார்க்கலாம்" என்று யார் சொன்னாலும் இன்னொருவரிடம் போங்கள்.

ஜூன் 10, இரவு 10.05

எடை பற்றி நிறையக் கேள்வி. சுருக்கமாக. பிறந்த முதல் வாரத்தில் பத்தில் ஒரு பங்கு வரை எடை குறையலாம், இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிடும். ஐந்தாறு மாதத்தில் பிறந்த எடை இரட்டிப்பு, ஒரு வயதில் மும்மடங்கு. மூன்று கிலோ பிள்ளை ஆறாகி ஒன்பதாகிறது. அதே வேகத்தில் போனால் என்ன ஆகும்? அதனால் ஒரு வயதுக்குப் பிறகு வேகம் சட்டென்று குறையும். இரண்டு வயதிலிருந்து ஐந்து வரை வருஷத்துக்கு இரண்டு கிலோதான். சரியாக அந்த வயதில்தான் "ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கிறான்" என்று எல்லா அம்மாவும் அழுகிறோம். அவன் உடம்புக்கு அவ்வளவுதான் வேண்டும்.

ஒரு தடவை பார்த்த எடை ஒன்றும் சொல்லாது. அங்கன்வாடி அட்டையில் போடுகிற கோட்டைப் பாருங்கள். கீழ்க்கோட்டிலேயே இருந்தாலும் ஏறிக்கொண்டே போகிற பிள்ளை பரவாயில்லை. மேல்கோட்டிலிருந்து இறங்குகிற பிள்ளையைத்தான் உடனே கவனிக்கணும்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். சென்னை மே மாத வெயிலிலும் தண்ணீர் வேண்டாம், பாலில் பெரும்பங்கு தண்ணீர்தான். உரை மருந்தும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை நாக்கில்கூடத் தடவக் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தையின் தசைகளை முடக்கிவிடும். இதற்காக என் மாமியாரோடு நான் ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்ததற்கு வருத்தம் உண்டு, தேன் கொடுக்க விடாததற்கு இல்லை.

ஜூன் 14, மாலை 4.30

பள்ளி வயதுக்கு வருகிறேன். என்னிடம் ஒரு பிரவுன் தாள் சுருள் இருக்கிறது.

சைதாப்பேட்டை வீட்டில் சமையலறை நிலைக்காலில் மகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பென்சிலால் கோடு போட்டு வந்தேன். சுவரை ஒட்டிக் குதிகாலை வைத்து, தலையில் நோட்டுப் புத்தகத்தைத் தட்டையாக வைத்து. அவளுக்கு 9 வயதானபோது வீட்டு ஓனர் காலி செய்யச் சொன்னார். சாமானெல்லாம் வண்டியில் ஏறிவிட்டது, எனக்கு அந்தக் கோடுகளை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. புத்தகத்துக்கு அட்டை போடுகிற பிரவுன் தாளைச் செல்லோடேப்பால் நீளமாக ஒட்டி, தரையிலிருந்து நிலையோடு சேர்த்துப் பிடித்து, ஒவ்வொரு கோட்டையும் பார்த்து வரைந்து எடுத்துக்கொண்டேன். வண்டிக்காரர் கீழேயிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். பிறகு விருகம்பாக்கத்தில் அந்தத் தாளை ஒட்டி அதிலேயே தொடர்ந்தேன்.

இப்போது விரித்து வைத்திருக்கிறேன். 5 வயதில் 106 செ.மீ. ஆறில் 112, ஏழில் 118, எட்டில் 123.5, ஒன்பதில் 129, பத்தில் 134.5. ஏணிப்படி மாதிரி ஐந்தரை, ஆறு என்று ஒரே சீர். பதினொன்றில் 141. பன்னிரண்டில் 149. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் 8 செ.மீ.! அப்புறம் 153.5, 155.5, 156. பதினாறிலும் 156, கோட்டின் மேலேயே கோடு.

அந்த ஏற்றத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். பத்து வயது முடிந்த மாதம், குளிக்க வைக்கும்போது "அம்மா, இங்கே வலிக்குது" என்றாள். ஒரு பக்க மார்பில், காம்புக்குக் கீழே, புளியங்கொட்டை அளவுக்குக் கட்டி. ஒரு பக்கம் மட்டும். எனக்குக் கைகால் ஓடவில்லை. அன்று ராத்திரி முழுக்க என்னென்னவோ நினைத்து, காலையில் முதல் டோக்கன் வாங்கிக் காட்டினேன். அந்த டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "பயப்படாதீங்க. பெரியவளாக ஆரம்பிச்சிருக்கா. இதுதான் முதல் அடையாளம். ஒரு பக்கம் முதல்ல வரும், ஆறு மாசத்துல இன்னொரு பக்கமும் வரும்."

பெண்ணுக்கு 8 வயதிலிருந்து 13-க்குள் இது தொடங்கும். அதிலிருந்து இரண்டு, இரண்டரை வருஷத்தில் முதல் மாதவிலக்கு. உயரத்தின் பெரிய ஏற்றம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். வயதுக்கு வந்த பிறகு இன்னும் 5லிருந்து 7 செ.மீ. வளர்வாள், அவ்வளவுதான். என் மகள் 12 வயது 2 மாதத்தில் வந்தாள், அதற்குப் பிறகு 6 செ.மீ. வளர்ந்தாள். 8 வயதுக்கு முன்னால் மார்பு வளரத் தொடங்கினால் காட்ட வேண்டும், 13 வரை ஒன்றுமே தொடங்கவில்லை என்றாலும் காட்ட வேண்டும். இங்கேயும் கெடு இரண்டு பக்கமும் இருக்கிறது.

பேதை, பெதும்பை என்று எழுதினேனே, அந்தச் சுவாரசியம் இதுதான். பெதும்பை தொடங்குவது 8-ல், மங்கை 12, 13-ல், மடந்தை முடிவது 19-ல். உலக சுகாதார நிறுவனம் வளரிளம் பருவம் என்று சொல்வதும் 10லிருந்து 19 வரைதான். தற்செயலாகக்கூட இருக்கலாம். எனக்கு என்னவோ பெண் பிள்ளைகளைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் பிரித்த பிரிவாகத்தான் தெரிகிறது.

மஞ்சள் நீராட்டு பற்றியும் சொல்லிவிடுகிறேன். பேனர் வைக்கவில்லை, ஆனால் அறுபது பேரைக் கூப்பிட்டேன். மாமன் சீர், தட்டு வரிசை எல்லாம் உண்டு. புகைப்படங்களில் அவள் எதிலும் சிரிக்கவில்லை என்பதை ஆல்பம் வந்த பிறகுதான் பார்த்தேன். அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

ஜூன் 15, காலை 6.30

பையன்கள். என் சின்னவனுக்கு 13. பிரேயரில் உயர வரிசையில் முதலில் நிற்கிறவன் அவன்தான். "அம்மா, என்னைத் தாண்டி எல்லாரும் மைக்கைப் பார்க்கிறாங்க, நான் மைக்கை மட்டும்தான் பார்க்கிறேன்" என்றான்.

பையனுக்குத் தொடக்கம் 9லிருந்து 14-க்குள். முதலில் மீசை இல்லை, முதலில் பெரிதாவது விதைகள். பெண்ணுக்கு ஏற்றம் தொடக்கத்திலேயே வரும், பையனுக்குப் பாதி தாண்டித்தான் வரும். ஏழாம் வகுப்பில் பெண்களெல்லாம் உயரமாக இருப்பதும், பத்தாம் வகுப்பில் கணக்கு மாறுவதும் இதனால்தான். ஏற்றம் வந்தால் ஒரே வருஷத்தில் 9, 10 செ.மீ. போகும். முதலில் பாதம் வளரும். மூன்று மாதத்தில் ஷூ பத்தவில்லை என்றால் சந்தோஷப்படுங்கள்.

இடது கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். மணிக்கட்டு எலும்புகளையும் விரல் எலும்புகளின் ஓரத்தில் வளர்கிற குருத்தையும் பார்த்து எலும்புக்கு எத்தனை வயது என்று சொல்வார்கள். இவனுக்குப் பதினொன்றரை. அதாவது கடிகாரம் தாமதம், நேரம் மிச்சம். இவனுடைய அப்பாவும் பிளஸ் டூவில்தான் வளர்ந்தாராம். அந்தக் குருத்து மூடிய பிறகு எந்தப் பவுடரும் ஒரு மில்லிமீட்டர் கூட்டாது. மூடும் முன்னாலும் விளம்பரப் பவுடர் தேவையில்லை. முட்டை, பருப்பு, பால், தூக்கம். கம்பியில் தொங்குவதால் கை பலப்படும், உயரம் வராது.

கணக்குப் போட ஆசைப்படுகிறவர்களுக்கு: அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் கூட்டி, பையன் என்றால் 13 சேர்த்து, பெண் என்றால் 13 கழித்து, பாதியாக்குங்கள். அவர் 168, நான் 154. மகளுக்கு 154.5 வருகிறது, அவள் 156. மகனுக்கு 167.5. எட்டு செ.மீ. முன்பின் ஆகலாம். அவனிடம் இதைப் போட்டுக் காட்டினேன். தாளை மடித்துப் பென்சில் பாக்ஸில் வைத்துக்கொண்டான்.

ஜூன் 18, இரவு 12.10

மகள் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டாள். மஞ்சள் நீராட்டுப் பத்தியைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

அப்புறம் அவளே ஒரு விஷயம் எழுதச் சொன்னாள். வளரிளம் பிள்ளைகள் ராத்திரி தூங்காததும் காலையில் எழாததும் திமிர் இல்லை. அந்த வயதில் தூக்கத்தை வரவழைக்கிற மெலடோனின் ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகச் சுரக்கிறது. காலை ஐந்து மணி டியூஷனுக்கு இரண்டு வருஷம் அவளை எழுப்பி அனுப்பியவள் நான்.

மூளையும் அப்படித்தான். ஆறு வயதிலேயே அளவில் பத்தில் ஒன்பது பங்கு வந்துவிடுகிறது. ஆனால் நிதானம், முன்யோசனை இவற்றுக்கான முன்பகுதி முதிர 25 வயது வாக்கில் ஆகும். 18-ல் லைசென்ஸ், ஓட்டு எல்லாம் கொடுக்கிறோம், சரி. பைக் சாவியைக் கொடுக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

ஜூலை 9, இரவு 10.20

தங்கச்சி எழுதியிருக்கிறார்! காது பரிசோதனை செய்துவிட்டார்களாம், இரண்டு காதும் நன்றாக இருக்கிறது. போன வாரம் கை தட்டினானாம். நேற்று வாஷிங் மெஷினைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்து நின்றிருக்கிறான், மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் கன்னமெல்லாம் அதிர அதிரச் சிரித்தானாம். தவழவில்லை இன்னும்.

நிலைக்காலில் கோடு போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு வயது வரை படுக்க வைத்துத்தான் அளக்கணும். நிற்க வைத்தால் 0.7 செ.மீ. குறைவாகக் காட்டும், வீணாகக் கவலைப்படுவீர்கள். அதற்கப்புறம் போடுங்கள். வாடகை வீடு என்றால் முதல் நாளே பிரவுன் தாளை ஒட்டி அதில் போடுங்கள்.

ஜூலை 9, இரவு 10.35

தாளின் அடி ஓரம் தரையைத் தொட வேண்டும். நான் அதைக் கவனிக்காமல், விருகம்பாக்கத்தில் முதல் தடவை ஒட்டும்போது இரண்டு செ.மீ. மேலே ஒட்டிவிட்டேன்.